டிரெய்லர் பலகைக்குப் பெயிண்டா, எண்ணெயா?

பினாங்கு மழையில் நிற்கும் சரக்கு டிரெய்லரின் குருயிங் என்ற கடின மரப் பலகைக்குப் பெயிண்ட் அழகு, அவ்வளவுதான். சரக்கு உரசி ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும்; பெயிண்ட் படலம் அதை எளிதில் உலர விடாது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே பளபளப்பு, அடியில் மக்கிய மரம்.

பூஞ்சைக்கொல்லி கலந்த எண்ணெய்ப் பூச்சு மரத்தில் ஊறிவிடுகிறது. ஈரம் வெளியேற வழிவிடுகிறது. அடிக்கடி பூச வேண்டும், அது தொல்லைதான். ஆனாலும் பழையதைச் சுரண்டும் வேலை இல்லை என்பதால் என் ஓட்டு இதற்கே. ஆளிவிதை எண்ணெய் என்றால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும், விரித்து உலர்த்துங்கள்.

எதைப் பூசினாலும் பலகையின் அறுத்த முனைகளையும் போல்ட் துளைகளையும் விட்டுவிடக் கூடாது. மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது அங்கேதான்.