மலைக்குளிரில் கலங்கிய நீச்சல் குளத்துக்கு பி.ஏ.சி. தூள்: குன்னூரிலிருந்து ஒரு மதிப்பீடு

குன்னூரில் எங்கள் விடுதியின் நீச்சல் குளம் மழைக்காலத்தில் மூடப்பட்டு, ஏப்ரல் சீசனுக்கு முன்பாகத் திறக்கப்படுவது வழக்கம். மலையின் இந்தச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை என்பதால், மூடுதுணியின் ஓரங்கள் வழியாக இறங்கும் செம்மண்ணும் ஊறிய தைல மர இலைகளின் சாறும் சேர்ந்து, திறக்கும்போது குளத்தின் முதல் படிக்கட்டுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கலங்கலிலுள்ள நுண்துகள்களைத் திரளாக ஒட்டவைத்து அடியில் படியச் செய்ய இதுவரை படிகாரத்தை நம்பியிருந்த நாங்கள், இந்த ஆண்டு பாலி அலுமினியம் குளோரைடை, அதாவது கடைக்காரர்கள் பி.ஏ.சி. என்று சொல்லும் மஞ்சள் தூளை, கோயம்புத்தூரிலிருந்து 25 கிலோ மூட்டையாக வரவழைத்துப் பயன்படுத்தினோம். மலைப்பகுதிக் குளங்களுக்குப் படிகாரத்தைவிட இது மேலானது என்பதே என் முடிவு. ஆனால் மூட்டையில் அச்சிட்டிருக்கும் அளவை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

படிகாரம் இங்கே தடுமாறுவதற்குக் காரணங்கள் உண்டு. குளிர்ந்த நீரில் அது உருவாக்கும் திரள்கள் சிறியவையாகவும் எளிதில் உடைபவையாகவும் இருக்கின்றன. அதோடு, 10 டிகிரி நீரின் பிசுக்குமை 30 டிகிரி நீருடையதைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம் என்பதால், உருவான திரளும் மெதுவாகவே அடியில் இறங்குகிறது. மேலும், ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கும் நீரின் திறனை, தின்றுவிடுகிறது. மலையூற்று நீரில் காரத்தன்மை இயல்பாகவே குறைவு. படிகாரத்தைத் தாராளமாகக் கொட்டினால் பி.எச். சரிந்து, திரளும் சரியாகக் கட்டாமல், ஹீட்டரின் செம்புக் குழாயையும் நீர் அரிக்கத் தொடங்கும். பி.ஏ.சி. காரத்தன்மையைக் குறைவாகவே செலவழிக்கிறது. குளிர்நீரிலும் திரளை விரைவாகக் கட்டுகிறது.

எனினும் பாசி உயிரோடு இருக்கும் குளத்தில் இந்தத் தூள் பணவிரயம். முதலில் இலைகளை அரித்தெடுத்து, சுவர்களைத் தேய்த்து, குளோரினால் பாசியைக் கொல்ல வேண்டும்; பச்சை நிறம் போய் நீர் வெண்மையாகக் கலங்கிய பிறகே பி.ஏ.சி.யின் வேலை தொடங்குகிறது. இதற்குச் சாதாரண ப்ளீச்சிங் பவுடரைத் தவிர்ப்பது நல்லது, அதன் சுண்ணாம்புக் கசடே புதிய கலங்கலாகிவிடும். காரத்தன்மை லிட்டருக்கு 80 மி.கி.க்குக் கீழே இருந்தால் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து ஊற்றலாம். ஒரு லட்சம் லிட்டர் நீரில் அதை லிட்டருக்கு 10 மி.கி. உயர்த்த ஏறத்தாழ 1.7 கிலோ தேவைப்படும்.

மூட்டையின் மேல் ஒரே ஓர் அளவுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. நீரின் கலங்கலோ வெப்பநிலையோ அதில் கணக்கில் வரவில்லை. ஆகவே 10 கிராம் தூளை ஒரு லிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, குளத்து நீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில்களில் ஊசி மருந்துக் குழல் கொண்டு அரை, ஒன்று, இரண்டு மில்லி என்று விட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லி விட்ட பாட்டில், லிட்டருக்கு 10 மி.கி. சேர்த்ததற்குச் சமம். எங்கள் நீரில் இந்த அளவிலேயே, கலக்கி நிறுத்திய சிறிது நேரத்தில் செம்மண் நிறத்தில் பஞ்சுத் துணுக்குகள் தோன்றி, ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து, பாட்டிலின் அடியில் விரல் கனத்துக்குப் படிந்தன. இரண்டு மில்லி விட்ட பாட்டில் அதைவிடத் தெளியவில்லை. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் லிட்டர் குளத்துக்கு 1 கிலோ போதும்.

கரைசலைக் குளத்தின் மேற்பரப்பு முழுவதும் பரவலாக ஊற்றி, வடிகட்டியின் நீரோட்டத்தைத் திருப்பும் மல்டிபோர்ட் வால்வை, நீர் மணலுக்குள் போகாமல் சுழலும் 'ரீசர்குலேட்' நிலையில் வைத்துச் சிறிது நேரம் பம்பை ஓட்டி, பிறகு நிறுத்திவிட வேண்டும். சமவெளியில் ஓர் இரவு போதுமென்றால், இங்கே மறுநாள் மாலைவரை நீரை அசைக்காமல் விடுவது நல்லது. படிந்த கசடை வேக்குவம் செய்யும்போது வால்வு, நீரை நேரே வெளியேற்றும் 'வேஸ்ட்' நிலையில் இருந்தாக வேண்டும். மணல் வடிகட்டிக்குள் போனால் மணலை அடைத்துவிடும். இதில் நீர் கணிசமாக வீணாகிறது. கோடையில் குழாய்நீருக்கே காத்திருக்கும் ஊரில் இது சிறிய குறையன்று. அந்தக் கசட்டு நீரைத் தோட்டத்தின் கீழுள்ள ஓடைக்குத் திருப்பாமல் உறிஞ்சுகுழிக்கு அனுப்புவதையே நாங்கள் கடைப்பிடிக்கிறோம்.

பொருளின் உண்மையான குறை அதன் உறையில் இருக்கிறது. காற்றின் ஈரத்தை இழுக்கும் தூளை மெல்லிய உள்ளுறையோடு விற்கிறார்கள்; மூட்டையைப் பிரித்தபின் இந்தப் பனிமூட்டத்தில் ஓரங்கள் பாகாகிப் பிசுபிசுக்கத் தொடங்கிவிடுகின்றன. சிறிய வீட்டுக் குளம் வைத்திருப்பவர்கள் 25 கிலோவை வாங்காமல், அக்கம்பக்கத்து விடுதிகளோடு பகிர்ந்துகொள்ளலாம். பிரித்த தூளை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, குளோரின் வைத்திருக்கும் அறைக்கு வெளியே வைக்க வேண்டும். இது அமிலத்தன்மை உடையது என்பதால், குளோரின் திரவத்தோடோ தூளோடோ கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். நாங்கள் வாங்கிய மூட்டையில் அந்த எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே, அதுவும் பொடி எழுத்தில் இருந்தது.