எல்.பி.எஸ். சகிப்பு ஆய்வு: டி.எச்.பி.-1 கலமா, புதுக் குருதியா?

திருகோணமலையில் ஆய்வுத் தலைப்பு எடுக்கும் மாணவர் தடுமாறும் இடம் இது. பற்றீரிய நச்சான எல்.பி.எஸ்.ஐ இரண்டாம் முறை கொடுத்தால் நிர்ப்பீடனக் கலம் டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைக் குறைவாகவே சுரக்கும்; இதுவே சகிப்பு. அதைக் காட்ட எந்தக் கலம்: ஆய்வுகூடத்தில் வளர்க்கும் மனிதக் குருதிப்புற்றுக் கலவரிசையான டி.எச்.பி.-1ஆ, ஆளிடமிருந்து புதிதாக எடுத்த குருதியின் கலமா?

செலவு: டி.எச்.பி.-1ஐச் சேமிக்கத் திரவ நைதரசன். குருதிக்கு நெறிமுறை அனுமதி, கலங்களைப் பிரிக்க ஃபைகோல் கரைசல்.

நேரம்: டி.எச்.பி.-1க்கு, அதை முதிரவைத்துத் தட்டில் ஒட்டச்செய்யும் பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருளில் 2 நாள், ஓய்வு 1 நாள். குருதி மொனோசைற்று (ஒருவகை வெண்குருதிக் கலம்) 2 மணிநேரத்தில் தட்டில் ஒட்டிவிடும்.

சீர்மை: முன்னது ஒரே வார்ப்பு. பின்னது ஆளுக்காள் மாறும்.

பட்டப்படிப்பு ஆய்வென்றால் டி.எச்.பி.-1 போதும், நோயாளரைப் பற்றிய கேள்வியென்றால் குருதிதான்.

எதுவானாலும் முதலில் எல்.பி.எஸ். 10 நானோகிராம்/மில்லிலீற்றர், 24 மணிநேரம். இரு தடவை கழுவல். பிறகு 100 நானோகிராம்/மில்லிலீற்றர், 4 மணிநேரம். கழுவாவிட்டால் பழைய டி.என்.எஃப். கணக்கில் ஏறும். வளர்ப்பூடகத்தில் சேர்க்கும் சீரத்திலேயே எல்.பி.எஸ். கலந்திருந்தால், முதல் தடவை எல்.பி.எஸ். கொடுக்காத ஒப்பீட்டுக் குழியின் கலங்களும் முன்பே சோர்ந்துவிடும்.