மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மரில் டெஸ்லா காயிலுக்கு டிசி சப்ளை: எல்லாம் சரி, அந்தப் ப்ளீடர்தான்...

டெஸ்லா காயிலுக்கு (காற்றில் நீளமாக மின்பொறி பாய்ச்சும் உயர் வோல்டேஜ் சுருள்) நியான் விளக்குப் பலகைகளின் டிரான்ஸ்ஃபார்மரை விட்டு டிசிக்கு மாறலாமா என்று கேட்ட நண்பருக்காக. சர்க்யூட் தெரிந்ததுதான்: எதிரெதிர் ஃபேஸில் இரண்டு மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மர்கள், ஒவ்வொன்றுக்கும் 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இரண்டு 12 கிலோவோல்ட் டயோடும் கொண்ட, வோல்டேஜை இரட்டிப்பாக்கும் டப்ளர், இரண்டும் சேர்ந்து நிரப்பும் 4 மைக்ரோஃபாரட் பேங்க் (கெபாசிட்டர் தொகுப்பு). 2,100 வோல்ட் ஏசி, எர்த்திலிருந்து சுமார் 5,900 வோல்ட் டிசியாகிறது. டிரான்ஸ்ஃபார்மர்கள் சும்மா இருந்தாலே கொதிக்கும், ஃபேன் கட்டாயம்.

இதன் அழகு சார்ஜிங் சோக்கில் இருக்கிறது. 10 ஹென்றி சோக் (கரண்ட் மாற்றத்தை எதிர்க்கும் சுருள்), பின்னால் ஒரு டயோடு, காயிலுக்கான சார்ஜைத் தேக்கும் 50 நானோஃபாரட் டேங்க் கெபாசிட்டர். சோக்கோடு சேர்ந்த ரெசனன்ஸில் (ஒத்ததிர்வில்) டேங்க் 2.2 மில்லிசெகண்டில் 11,000 வோல்ட்டைத் தாண்டி ஏறும். டயோடு அதை இறங்கவிடாது. ரோட்டரி கேப் (மோட்டார் சுழற்றும் மின்முனைகள் கொண்ட பொறி இடைவெளி; டேங்க்கைக் காயிலுக்குள் கொட்டுவது இதுதான்) நொடிக்கு 200 முறை சுட்டாலும் கையில் 5 மில்லிசெகண்ட் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸோடு மோட்டாரை ஒத்திசைக்கும் வேலையே இல்லை. டிசி பூஜ்யத்தைத் தொடுவதில்லை என்பதால் அசையாத கேப்பில் ஆர்க் அணையாது, ரோட்டரி வேண்டும். அப்படியே ஆர்க் பிடித்துக்கொண்டாலும் டப்ளர் கெபாசிட்டர் 50 ஹெர்ட்ஸில் 3.2 கிலோஓமாக நின்று கரண்ட்டை அடக்கும்.

எரிச்சல் பேங்க்கில். இரண்டிரண்டாகத் தொடரில் எட்டு வரிசை, மொத்தம் 16 அடுப்புக் கெபாசிட்டர்கள். ஆளுக்கு 2,950 வோல்ட். 2,100 ஏசியின் உச்சமும் கிட்டத்தட்ட அதுவே என்பதால் கணக்கு கச்சிதம். ஆனால் அந்தக் கணக்கைக் காப்பாற்றுவது கெபாசிட்டர் டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும், சார்ஜை மெல்ல வடிக்கும் 10 மெகாஓம் ப்ளீடர் ரெசிஸ்டர். ஒரு வரிசையில் ஒன்றின் ப்ளீடர் மட்டும் அறுந்துபோனால், ஜோடியின் சார்ஜ் வடிய வடிய, ப்ளீடர் அறுந்த கெபாசிட்டரே முழு 5,900 வோல்ட்டையும் சுமக்கும். வெளியில் ஒரு அறிகுறியும் தெரியாது.

அதைவிட மோசம் அணைத்த பிறகு. பேங்க்கின் இரு முனையையும் எர்த் கம்பியால் ஷார்ட் செய்தால் மீட்டர் பூஜ்யம் காட்டும். அந்த வரிசையின் இரு கெபாசிட்டர்களும் சேரும் நடுப்புள்ளியில் மட்டும் 2,950 வோல்ட் உட்கார்ந்திருக்கும்; அது 50 வோல்ட்டுக்கு இறங்க 80 நொடிக்கு மேல் ஆகும். முழு பேங்க்கில் 70 ஜூல். கை வைத்துத் தெரிந்துகொள்ளும் விஷயமில்லை.

மருந்து: எட்டு நடுப்புள்ளிகளையும் ஒரே கம்பியால் இணைத்துவிடுவது. ஒரு ப்ளீடர் போனாலும் இரு பக்கத்து வோல்டேஜ் பிரிவு 3,150க்கு 2,750 என்ற அளவில் நிற்கும். ஷார்ட் செய்யும்போது நடுக்கம்பியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், வேலை முடியும்வரை கிளிப்பைக் கழற்றக் கூடாது. டைஎலக்ட்ரிக் (கெபாசிட்டருக்குள் இருக்கும் காப்புப் பொருள்) ஊறிவைத்த சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். இந்த மருந்திலும் ஒரு கோளாறு: ஒரே ஒரு கெபாசிட்டர் உள்ளே ஷார்ட் ஆனால் மறுபக்கத்து எட்டுக்கும் முழு 5,900. கழற்றி ஒவ்வொன்றையும் 20 மெகாஓம் ரேஞ்சில் அளப்பதிலிருந்து தப்பவே முடியாது. கழற்று, அள, மாட்டு, மறுபடியும் கழற்று. ஒரு ரெசிஸ்டரை வெளியே வைத்திருந்தால் என்ன கெட்டுப்போகும்!

டிசியில் வரும் ஸ்ட்ரீமரின் (காயிலிலிருந்து பாயும் மின்பொறி) சீர் நியானில் வராது. இருந்தாலும் நண்பரே, நியானிலேயே இருங்கள். பதினாறையும் அளந்து முடித்த கையோடு எழுதுகிறேன். அடுத்த வாரம் கேட்டால் வேறு பதில் வரலாம்.