சிக்னடேரா ரத்த டெஸ்ட்: ஒன்றரை வருஷமா எடுக்கறோம், எங்க அனுபவம்

நாங்க இருக்கறது நியூஜெர்சில. வீட்டுக்காரருக்குப் பெருங்குடல் கேன்சர், ஸ்டேஜ் 3, ரெண்டு நிணநீர் முடிச்சுல பரவியிருந்துச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, ஆனா அதுக்கப்புறம் ராத்திரி படுத்தா ஒரே கேள்விதான், எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா இல்ல எங்கயாவது ஒரு துளி ஒட்டிட்டிருக்கா. வழக்கமா இதுக்கு சிஇஏ ரத்த டெஸ்ட்டும் (இந்தக் கேன்சர் இருந்தா ரத்தத்துல பெரும்பாலும் கூடற ஒரு புரதத்தை அளக்கறது) சிடி ஸ்கேனும்தான். இவருக்குக் கட்டி உள்ள இருந்தப்பவே சிஇஏ 2.1, அதாவது நார்மல், அப்போ திரும்ப வந்தாலும் அது காட்டிக்குடுக்கும்னு எப்படி நம்பறது? அதனாலதான் டாக்டரம்மா சிக்னடேரா எடுக்கலாம்னாங்க, நடேரா கம்பெனியோடது.

வேலை செய்யற விதம் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. வெட்டியெடுத்த கட்டியோட திசுவையும் அவரோட சாதா ரத்தத்தையும் படிச்சுப் பார்த்து, கட்டில மட்டும் இருக்கற 16 டிஎன்ஏ மாற்றங்களைப் பொறுக்கி எடுக்கறாங்க, அது இவருக்குன்னே தச்ச சட்டை மாதிரி, வேற யாருக்கும் பொருந்தாது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல அந்த 16ல ஏதாவது மிதக்குதான்னு தேடறாங்க. கட்டியோட டிஎன்ஏ ரத்தத்துல சில மணி நேரத்துலயே கரைஞ்சு போயிடுமாம், அதனால இன்னைக்குத் தெரிஞ்சா இன்னைக்கு உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். ஆபரேஷன் முடிஞ்ச உடனே எடுக்கக் கூடாது, காயம்பட்ட நல்ல செல்லுங்களோட டிஎன்ஏ ரத்தம் முழுக்க நிறைஞ்சு கெடக்கும், தேடறது அதுல அமுங்கிப் போயிடும், நாங்க நாலு வாரம் பொறுத்துத்தான் குடுத்தோம்.

முதல் ரிசல்ட்டுக்கு ரொம்பக் காத்திருக்க வேண்டியிருக்கும், மனசைத் தயார் பண்ணிக்கோங்க. எங்களுக்கு இன்னும் லேட், ஏன்னா ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரில திசு பிளாக்கை (வெட்டியெடுத்த கட்டியை மெழுகுல பதிச்சு வச்சிருக்கற துண்டு) அனுப்பச் சொன்ன ஃபேக்ஸ் யார் கண்ணுலயும் படாம கெடந்திருக்கு, நான் மூணு தடவை போன் போட்டப்புறம்தான் நகர்ந்துச்சு, அதுக்குள்ள அவருக்கு முதல் கீமோவே ஆரம்பிச்சாச்சு. நீங்க ஆஸ்பத்திரியோட பேத்தாலஜிக்கு, அதாவது திசுவைச் சோதிக்கற லேபுக்கு, நேரா போன் பண்ணி பிளாக் கிளம்பிடுச்சான்னு கேட்டுடுங்க. அடுத்தடுத்த தடவை சுலபம், நர்ஸே வீட்டுக்கு வந்து ரெண்டு ட்யூப் எடுத்துட்டுப் போயிடறாங்க, சுமார் ஒரு வாரத்துல ரிசல்ட். ட்யூபை ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க.

இங்க டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடியே ரிசல்ட் நம்ம போனுக்கு வந்துடும். கீமோ முடிஞ்சு எடுத்த டெஸ்ட்டோட ரிசல்ட் ராத்திரி பத்து மணிக்கு வந்துச்சு, அவர் கண்ணாடி போடாம போனை என்கிட்ட நீட்டி "நீயே படிம்மா"ன்னார். 0.00, நெகட்டிவ். "ஏங்க, ஒண்ணுமில்லங்க"ன்னு சொல்றதுக்குள்ள எனக்குக் குரலே வரலை. இதுவரைக்கும் ஆறு தடவையும் நெகட்டிவ்தான், அந்தக் கடவுளுக்கு நன்றி.

ஆனா நெகட்டிவ்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. நுரையீரல்லயோ வயித்து உறையிலயோ சின்னதா வந்தா ரத்தத்துல அவ்வளவா டிஎன்ஏ விடாது, டெஸ்ட் கோட்டை விட்டுடலாம். அதனால ஸ்கேன், சிஇஏ, கொலனாஸ்கோப்பி எதையும் நாங்க நிறுத்தலை, நீங்களும் நிறுத்தாதீங்க.

இன்னொண்ணு, பாசிட்டிவ் வந்தா என்ன பண்ணுவாங்கன்னு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. ஜப்பான்ல 1039 பேரை வச்சு 2023ல வந்த ஆய்வுல, ஆபரேஷனுக்கு நாலு வாரம் கழிச்சு பாசிட்டிவ் வந்தவங்களுக்கு நெகட்டிவ் வந்தவங்களை விடத் திரும்ப வர்ற அபாயம் கிட்டத்தட்ட 10 மடங்கு, அதாவது டெஸ்ட் நல்லாவே கணிக்குது. ஆஸ்திரேலியாவுல ஸ்டேஜ் 2 ஆளுங்க 455 பேரை வச்சு இதே மாதிரி டெஸ்ட்டைப் பார்த்து 2022ல வெளியிட்டாங்க, ரத்த டெஸ்ட் சொன்னபடி நடந்ததுல 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ போச்சு, வழக்கமான முறைல 28, ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாதவங்க ரத்த டெஸ்ட் குரூப்ல 93.5 சதவீதம், வழக்கமான முறைல 92.4, கிட்டத்தட்ட சமம். எத்தனை பேர் கீமோலேருந்து தப்பிச்சிருக்காங்க பாருங்க! இவர் மூணு மாசம் கீமோ எடுத்தப்ப, அந்த மருந்தால குளிர்ச்சியே ஆகாம, ஃப்ரிட்ஜ் கைப்பிடியத் தொட்டாலே விரல்ல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும்பார், பால் பாக்கெட்டைக் கூட நான்தான் எடுத்துக் குடுக்கணும், அதனால எனக்கு இது வெறும் சதவீதமாத் தெரியலை. ஆனா ஸ்டேஜ் 3ல பாசிட்டிவ் வந்தவங்களுக்குக் கீமோவைக் கூட்டிக் குடுத்துப் பார்த்தாங்க, 2025ல வந்த முடிவுல அதனால பலன் கூடலை. இதுக்காகத்தான் நான் 5க்கு 4 குடுக்கறேன், முன்கூட்டியே சொல்லுது, சொன்னப்புறம் செய்ய இன்னும் கைல போதுமான மருந்து இல்லை.

எங்க டாக்டரம்மா சொன்ன பதில், "பாசிட்டிவ் வந்தா உடனே ஸ்கேன், கல்லீரல்ல ஒரே ஒரு இடத்துல சின்னதா இருக்கும்போதே பிடிச்சா வெட்டியெடுக்க வாய்ப்பு இருக்கு." இந்த ஒரு வாய்ப்புக்காகவே தொடர்ந்து எடுக்கறோம்.

காசு விஷயம், ஸ்டேஜ் 2, 3க்கு மெடிகேர்ல (முக்கியமா 65 வயசு தாண்டினவங்களுக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸ்) கவர் ஆகுது. எங்களது தனியார் இன்சூரன்ஸ், முதல்ல முடியாதுன்னுட்டாங்க, டாக்டர் லெட்டர் வச்சு அப்பீல் பண்ணினப்புறம் ஒத்துக்கிட்டாங்க. இன்சூரன்ஸ்லேருந்து பெரிய தொகை போட்டு வர்ற முதல் காகிதம் பில் இல்லை, அதுலயே எழுதியிருக்கும், பதறி பணம் கட்டிடாதீங்க.

அடுத்தது வர்ற மாசம், நர்ஸ் காலைல எட்டு மணிக்கு வராங்க. கீமோ ஏறின வலது கைல நரம்பு இன்னும் கல்லு மாதிரி இருக்கு, இடது கையைத்தான் நீட்டுவார்.