எதிர் மின்தடை ஸ்பைஸ் மாடலை விலைக்கு வாங்குவோர் கவனத்திற்கு

2என்2222 டிரான்சிஸ்டரின் அடிவாயை (பேஸ்) எதனுடனும் இணைக்காமல் விட்டு, ஏற்பானை (கலெக்டர்) விட உமிழ்ப்பானுக்கு (எமிட்டர்) கூடுதல் மின்னழுத்தம் கிடைக்கும்படி தலைகீழாக இணைத்தால், ஏறத்தாழ 7 முதல் 9 வோல்ட்டுக்குள் உமிழ்ப்பான்-அடிவாய்ச் சந்தியில் சரிவு முறிவு ஏற்பட்டு, திடீரென மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அதன்பின் ஒரு பகுதியில் மின்னோட்டம் கூடக் கூட மின்னழுத்தம் குறைகிறது. அந்த எதிர் மின்தடையை வைத்து ஓர் அலையியற்றியை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். மின்சுற்றுகளைக் கணினியில் சிமுலேஷன் செய்து பார்க்கும் ஸ்பைஸ் மென்பொருளில், டிரான்சிஸ்டருக்கான வழக்கமான கணித மாடலான கம்மல்-பூனில் இந்த முறிவு இடம்பெறுவதில்லை என்பதால், சிமுலேஷனில் அலைவே எழாது. ஆகவே, அளவீடுகளிலிருந்து உருவாக்கிய மாடல் என்று விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் பணம் கட்டி ஒரு கோப்பை வாங்கினேன்.

அவர் காட்டிய ரம்பப்பல் அலைவடிவம் குறை சொல்ல முடியாதபடி இருந்தது. கோப்பைத் திறந்தால், எங்கும் இலவசமாகக் கிடைக்கும் 2என்2222 மாடலுக்கு இணையாக, ஒரு மின்னழுத்தத்தில் மூடி அதைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில் திறக்கும் சுவிட்ச் ஒன்றும், அதனோடு தொடரில் ஒரு மின்தடையாக்கியும் மட்டுமே இருந்தன. இதை மாடல் என்று விற்பது ஏமாற்று வேலை. சுவிட்ச் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அதன் மின்தடை நேர்மறையானதுதான். சரிந்து இறங்கும் பகுதி அதில் எங்குமே இல்லை. மின்தேக்கி மின்னேற்றமடைந்து இறங்கும் சுற்றில் இந்தக் குறை வெளியே தெரியாது. ஆனால், ஒத்ததிர்வுச் சுற்று அலைவுறுமா என்று ஏசி பகுப்பாய்வில் (சிறு மாறுமின் சைகைக்குச் சுற்றின் எதிர்வினையைக் கணக்கிடும் முறை) பார்ப்பவருக்குக் கிடைக்கும் விடை முற்றிலும் தவறாகவே இருக்கும்.

மின்னோட்ட மூலத்தை இணைத்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் மின்னழுத்தத்தைக் கணக்கிடும் டிசி ஸ்வீப் செய்தபோது குட்டு வெளிப்பட்டது. உண்மையான உறுப்பின் மாடலாக இருந்தால் வளைகோடு தொடர்ச்சியாகக் கீழிறங்க வேண்டும். இங்கோ இடைப்பட்ட மின்னோட்டங்களில் சுவிட்ச் எந்த நிலையிலும் நிலைகொள்ள வழியில்லாததால், தீர்வு குவியாமல் பிழைச்செய்தியே வந்தது. வெப்பநிலையை 27 டிகிரியிலிருந்து உயர்த்திப் பார்த்தும் முறிவு மின்னழுத்தம் இம்மியும் நகரவில்லை.

இவற்றையெல்லாம் விளக்கி எழுதியதற்கு, ஸ்பைஸ் கணக்கீட்டில் அனுமதிக்கப்படும் சார்புப் பிழையின் அளவான ரெல்டால் மதிப்பை 0.001 இலிருந்து 0.01 ஆகத் தளர்த்தும்படி பதில் வந்தது. இல்லாத தீர்வைத் துல்லியத்தைக் குறைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று மீண்டும் எழுதினேன். அளவீட்டுத் தரவைக் கேட்டதற்கு, அது தொழில் ரகசியம் என்றார். கோப்பைத் திறந்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர இயலாது என்றும் கூறிவிட்டார்.

இத்தகைய மாடலை வாங்க நினைப்பவர்கள், அலைவடிவத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மின்னோட்ட மூலத்தால் எடுத்த வளைகோட்டையும் அதன்மேல் குறித்த அளவீட்டுப் புள்ளிகளையும் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்குங்கள்.