ரெட்டேரிக்குத் தயங்காமல் போகலாம், எண்ணூருக்கு ஓதம் பார்த்துப் போங்கள்: வடசென்னை இயற்கை நடை

ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகளில் வடசென்னையில் பெரியவர்களுக்கென்றே நடக்கும் இயற்கை நடையில் இரண்டு தடங்கள் உண்டு. ஒன்று கொளத்தூர் – ரெட்டேரி, இன்னொன்று எண்ணூர் கழிமுகம். இரண்டுக்கும் ஆளுக்கு 250 ரூபாய், காலை 6.15க்குத் தொடக்கம், இரண்டரை மணி நேரம். கட்டணமும் நேரமும் ஒன்றுதான், தரம் ஒன்றல்ல.

அறிவிப்பில் ‘இலையுதிர்கால நடை’ என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி மஞ்சளும் சிவப்புமாக இலைகளைத் தேடக் கூடாது. நம் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் இலை உதிர்ப்பது தை முதல் பங்குனி வரை. இப்போது நடப்பது கூதிர்காலம்: மழை, ஈரம், வலசை வரும் பறவைகள். அந்த ஒரு சொல்லை மாற்றினாலே வருகிறவர்களின் எதிர்பார்ப்பு சரியாகிவிடும்.

ரெட்டேரித் தடம் மொத்தமே இரண்டு கிலோமீட்டர். முதல் முக்கால் மணி நேரம் ஏரிப் பக்கமே போவதில்லை, குடியிருப்புத் தெருக்களிலேயே நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறார்கள். இந்த நடையின் பலமே அதுதான். மரமல்லி பூக்கும் பருவம் இது. இரவில் மலர்ந்த பூ விடியும்போது தரையெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். ஆளுக்கொரு பூவைக் கொடுத்து இதழை எண்ணச் சொல்கிறார் வழிகாட்டி. எல்லோருக்கும் நான்குதான் வரும். கைலென்ஸில் பார்த்தால் ஒரு மடலின் நுனி மட்டும் பிளந்திருக்கும். இரண்டு இதழ்கள் ஒட்டி ஒன்றானது அது, ஆக ஐந்து. பூவின் குழல் ஏன் விரல் நீளம்? இரவில் வரும், நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிகளுக்காக. தினமும் மிதித்துக்கொண்டு போகும் பூவில் இவ்வளவையும் காட்ட வழிகாட்டிக்குப் பத்து நிமிடம் போதுமாக இருக்கிறது.

கரையேறியதும் முக்குளிப்பான், நீலத்தாழைக்கோழி, நீர்க்காகம் என்று பட்டியல் நீளும். ஆனால் நின்று பார்க்கவேண்டியது நத்தைக்குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். குஞ்சுகளுக்கு அது கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும். கீழலகின் நுனியை நத்தை ஓட்டுக்குள் செலுத்திச் சதையை அறுத்து உருவிவிடும். கரையில் உடையாத வெறும் நத்தை ஓடு கிடந்தால் நாரை சாப்பிட்ட இடமாக இருக்கலாம் என்று அதையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

மூன்று பேருக்கு ஒரு பைனாகுலர் தருகிறார்கள், 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ.). இந்த வேலைக்கு அதுவே சரி. 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். ஆனால் கையில் கொடுத்ததோடு விட்டுவிடுகிறார்கள், அது குறை. வலது கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்க வேண்டும். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தைத் திருப்ப வேண்டும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் விளிம்பை உள்ளே இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காட்சி ஓரங்களில் இருட்டடிக்கும். சொந்தமாகக் கொண்டுவருகிறவர்கள் ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துவராதீர்கள். குளிர்ந்த லென்ஸில் ஈரக்காற்று பட்டதும் ஆவி படியும், தெளிய இருபது நிமிடம் ஆகும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

எண்ணூர்த் தடத்தில் பார்க்க நிறைய இருக்கிறது: அலையாத்தி மரங்களைச் சுற்றிப் பென்சில் நட்டதுபோல் நிற்கும் மூச்சு வேர்கள், ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள், உள்ளான் பறவைகள். மீனவர் குப்பத்தைச் சேர்ந்த ஒருவரும் கூட வந்து பாதி நேரம் பேசுகிறார். கையால் தடவி இறால் பிடிக்கும் முறையையும், சேற்றில் படிந்த அனல்மின் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பரவிய எண்ணெயையும் அவர் விளக்கும்போது எல்லோரும் வாய் திறக்காமல் கேட்கிறார்கள்.

கோளாறு நேரத்தில் இருக்கிறது. ஓதம், அதாவது கடல்நீர் ஏறும் (ஏற்றம்), வடியும் (வற்றம்) நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதேதான். ஒரு ஞாயிறு 6.15க்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் தண்ணீர் ஏறி நிற்கும். சேற்றுத்திட்டு மூழ்கிவிடும், நண்டு குழியை அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், உள்ளானும் இருக்காது. எல்லா ஞாயிறும் 6.15 என்று வைத்திருப்பதால் பாதி நடைகள் வீணாகின்றன. கூட வரும் மீனவரைக் கேட்டிருந்தாலே தேதி குறித்துக் கொடுத்திருப்பார். பணம் கட்டுமுன் அன்றைய வற்றம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். 6க்கும் 8.30க்கும் இடையில் என்றால் மட்டும் போங்கள். பூண்டி ஏரியைத் திறந்துவிட்ட வாரத்தில் அந்தக் கணக்கும் உதவாது, கொசஸ்தலை ஆற்று வெள்ளம் திட்டை மூடிவிடும்.

காலுக்கு வார் வைத்த செருப்பு போதும். ரப்பர் செருப்பு சேற்றில் வழுக்கும், கேன்வாஸ் ஷூ ஊறிப்போகும். மழைநீரோடு சாக்கடையும் கலந்திருக்கும், காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. தேங்கிய தண்ணீரில் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். குடையைவிட மழைக்கோட்டு நல்லது.

12 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்கிறார்கள், ரெட்டேரியில் அது நடக்கிறது. எண்ணூரில் 20 பேர் வரை வந்துவிட, லாரி இரைச்சலில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் முந்தின இரவே ரத்து செய்து முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறார்கள். எண்ணூர்த் தடத்தில் கழிப்பறை கிடையாது. பெண்கள் பலர் தண்ணீர் குடிக்காமலே நடக்கிறார்கள். நடுவில் ஒரு வீட்டிலோ தேவாலயத்திலோ சொல்லிவைத்து இதைத் தீர்க்கும்வரை ரெட்டேரியையே தேர்ந்தெடுங்கள்.