எரிஉலையா, எரிவாயு ஆலையா, தெருமுனை உரத்தொட்டியா?

நகராட்சிகள் குப்பைக்குத் திட்டம் தீட்டும்போது எந்த ஆலையை நிறுவுவது என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, வீடுகளிலிருந்து வரும் குப்பை எத்தகையது என்பதைப் பிறகு ஆராய்வது வழக்கமாகிவிட்டது. தில்லி திமார்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்துடன் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்க 1987இல் அமைந்த எரிஉலை, ஈரமும் மண்ணும் மண்டிய குப்பையில் போதிய வெப்பத்திறன் இல்லாததால் சில வாரங்களிலேயே ஓய்ந்தது.

எரிஉலைக்கு இடம் குறைவாகப் போதும். குப்பையின் கன அளவும் வெகுவாகச் சுருங்கும். ஆயினும் காய்கறிக் கழிவைப் பிரித்து நீக்கினால்தான் அது நன்றாக எரியும்; நீக்கிய பின் எஞ்சுவதில் நன்கு எரியக்கூடிய தாளும் பிளாஸ்டிக்கும் பழைய பொருள் வியாபாரி காசு கொடுத்து வாங்குபவை. நாள்தோறும் இத்தனை டன் தருவதாக நெடுங்கால ஒப்பந்தத்தில் உறுதியளித்த நகராட்சிக்கு, மக்கள் குப்பையைக் குறைப்பதே நட்டமாகிவிடும் என்பது இதைவிடப் பெரிய சிக்கல்.

இந்தூரில் 2022இல் திறக்கப்பட்ட, நாளுக்கு 550 டன் ஈரக்கழிவை நொதிக்கவைத்து எரிவாயு எடுக்கும் ஆலை வேறு வகை. வாசலிலேயே தரம் பிரிக்கும் பழக்கம் ஊரில் ஊன்றிய பிறகே அது வந்தது. அந்த முன்பின் வரிசையை விட்டுவிட்டு ஆலையை மட்டும் நகலெடுப்பதில் பயனில்லை.

ஆலப்புழையின் வழி நெருக்கடியில் பிறந்தது. நகரத்தின் குப்பை கொட்டப்பட்டுவந்த சர்வோதயபுரத்தின் மக்கள் 2012இல் குப்பை லாரிகளை மறித்ததால், நகரம் தன் கழிவைத் தனக்குள்ளேயே மக்கச்செய்ய வேண்டியதாயிற்று. காற்றுப் புக இடைவெளி விட்டுக் கட்டிய, தும்பூர்முழி எனப்படும் வகை உரத்தொட்டியில் சாணம், காய்ந்த சருகு, ஈரக்கழிவு என அடுக்கடுக்காகப் போட்டால் சுமார் 3 மாதத்தில் உரமாகும். சருகு அடுக்கு ஒருநாள் தவறினால் நாற்றமெடுக்கும், அண்டைவீட்டார் மனுவோடு வந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் சருகு கிடைப்பதும் அரிது. ஆகவே தொட்டிக்கான செலவைக் காட்டிலும் அதை அன்றாடம் கவனிக்கும் பணியாளரின் ஊதியத்தையே திட்டம் முதலில் கணக்கிட வேண்டும்.

ஓரிரு லட்சம் பேர் வாழும் ஊருக்கு ஆலப்புழை வழியையே பரிந்துரைப்பேன். ஏனெனில் தவறாக வைத்த தொட்டியை அடுத்த தெருவுக்கு மாற்றிவிடலாம், தவறாக அமைத்த எரிஉலையை அப்படி மாற்ற இயலாது. பெருநகரங்களில் சந்தை, உணவகக் கழிவுக்கு எரிவாயு ஆலை பொருந்தும். எரிஉலை வேண்டுமா என்பதை, வார்டுவாரியாகத் தரம் பிரித்து ஓராண்டாவது எடைபோட்டு, எதற்கும் உதவாமல் எஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.